காடாத் துணிக்கு அடியில்

நஞ்சுண்டன் செட்டியாரிடம் பழைய போர்வையைக் கொடுத்தால் எல்லாம் செய்து தருவார், துவைக்க மட்டும் மாட்டார். கிழிசலைத் தைப்பார், பூச்சி தட்டுவார், காலை இளவெயிலில் கயிற்றுக் கட்டிலின்மேல் விரித்துப்போடுவார், வசம்பும் காய்ந்த நொச்சி இலையும் வைத்து மூங்கில் கழியில் சுருட்டிக் கொடுப்பார். துவைக்கச் சொன்னால் மட்டும், "தண்ணியில போடறதில்லீங்க. வேணும்னா ஊட்டுக்குக் கொண்டுபோயி நீங்களே அலசிக்கங்க" என்பார். எங்கள் வீட்டுப் போர்வையையும் அப்படித்தான் அழுக்கோடு திருப்பிக் கொடுத்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த எனக்கு என் மனைவி வைத்த வரவேற்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் தெருக்குழாயில் பன்னீர் மாதிரி வந்துகொண்டிருந்த காலம் அது. கோயமுத்தூரே உப்புக் கிணற்றை மறந்துவிட்டு மாற்றி மாற்றித் துவைத்துக்கொண்டிருந்தபோது, துணியே பிழைப்பாக இருந்த ஒரு மனிதர் தண்ணீரைத் தொடமாட்டேன் என்றால் தெரு சும்மா இருக்குமா? வயசாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்றுதான் பேசிக்கொண்டோம்.

காரணத்தை அவருடைய மனைவி பங்காரம்மாதான் சொன்னார். செட்டியார் வாயிலிருந்து வந்திருக்காது. அவர் போர்வையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார், தன்னைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசுவது கன்னடம், வெளியே பேசுவது நம் தமிழ். அப்பா தறியில் உட்கார வைத்தார். பையன் பாவு நூலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, நாள் முழுக்க நெய்தது ஒரு முழம் தேறவில்லை. நெய்யத் துப்பில்லாதவனுக்கு நெய்ததைப் பார்க்கும் கண் மட்டும் எப்படியோ வாய்த்துவிட்டது. ஒரு நூலை உருவி முறுக்கைப் பிரித்தால் கையால் நூற்றதா, மில்லில் வந்ததா என்று சொல்லிவிடுவார். கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்து, சிவப்பு ஒட்டினால் "ஜெர்மன் சாயம், நேத்துப் பொறந்தது" என்று உதட்டைப் பிதுக்குவார். ஒட்டாவிட்டால் சாயவேரில் காய்ச்சிய பழைய சிவப்பு. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளை பிறந்த மாதிரி மலர்ந்திருக்கும்.

இந்தக் கண்ணுக்கு எங்கள் பக்கத்தில் வேலை இருந்தது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் சேர்த்துத் தையல் ஓட்டி, கனமான போர்வையாக்கிப் பரணில் வைத்திருக்கும் வீடுகள் அப்போது நிறைய இருந்தன. அடுக்குப் போர்வை என்போம். பிரசவம் நெருங்கும்போது அதை இறக்குவார்கள். பிறந்த குழந்தையை முதலில் அதன்மேல் கிடத்த வேண்டும். ஆனால் யார் சேலை அதில் இருக்கிறது என்பது முக்கியம். பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்தவள் சேலை இருந்தால் குழந்தைக்கு ஆயுசு கெட்டி. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சேலை இருந்தால் அந்தப் போர்வை குழந்தைக்கு ஆகாது. தைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செட்டியாரைக் கூப்பிடுவார்கள். பல்லடத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வண்டி வரும். அவர் தடவிப் பார்த்து, ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்து, எத்தனை அடுக்கு, எந்தக் காலத்துத் துணி, குழந்தையைக் கிடத்தலாமா, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று சொல்வார். அவர் சொன்னால் அதுதான் முடிவு. மறுபேச்சு கிடையாது.

"நான் கட்டியிருக்கற சேலை கிழிஞ்சிருந்தா இவரு கண்ணுக்குத் தெரியாதுங்க. ஊரான் ஊட்டுக் கந்தல்ல ஒரு நூலு உட்டுப்போச்சுன்னா சோறு எறங்காது" என்று பங்காரம்மா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஆறுச்சாமிக் கவுண்டர் என்று ஒரு பெரிய விவசாயி. அவருடைய தம்பி பாம்பு கடித்து இறந்துபோனான். தம்பி மனைவி தெய்வாத்தாள் வெள்ளைச் சேலையோடு அந்த வீட்டில் சில காலம் இருந்துவிட்டு, அன்னூரில் அண்ணன் வீட்டுக்கே போவதென்று முடிவானது. அவள் எதையும் கேட்கவில்லை. வண்டி கட்டும் நாள் நெருங்கியபோதுதான் ஒன்றே ஒன்று கேட்டாள்.

அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பல் முளைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அந்த வீட்டு வழக்கப்படி, அவள் கர்ப்பமாக இருந்தபோது நடந்த கட்டுச்சோற்று விருந்தன்று பிறந்த வீட்டார் கொண்டுவந்த அரக்குச் சேலையை மாமியார் அடுக்குப் போர்வையின்மேல் வைத்துத் தைத்திருந்தாள். குழந்தை இருந்த நாளெல்லாம் அதன்மேல்தான் கிடந்தது. குழந்தை போன பிறகு மாமியார் அந்தத் துணியைப் பிரித்து எடுத்துவிட்டாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரும் இப்போது இல்லை. தெய்வாத்தாள் சொன்னது வேறு. "அத்தை பிரிக்கலீங்க. மேல காடாத் துணி வெச்சு மூடிப்போட்டாங்க. அவன் பால் கக்குன கறை அதுல இருக்குதுங்க. அந்தத் துணிய எனக்குக் குடுத்துப்போடுங்க."

கவுண்டரின் மனைவி குழந்தையம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பரணிலிருந்து போர்வையை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தார்கள். உடனே செட்டியாருக்கு ஆள் போனது.

செட்டியார் போய் இறங்கியதும் கால் கழுவத் தொட்டிப் பக்கம் போனார். அங்கே தெய்வாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். குரலைத் தாழ்த்தி, "முழுசா வேண்டாமுங்க செட்டியாரே. ஒரு கை அகலம் போதும். கறை இருக்கற எடமாப் பாத்து அக்காளுக்குத் தெரியாம வெட்டிக் குடுத்துப்போடுங்க, மகராசனா இருப்பீங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பார்க்காத துணிக்கு யாரும் தலையாட்டிவிடலாம்.

வாசலில் கட்டிலின்மேல் போர்வையை விரித்தார்கள். அவ்வளவுதான், செட்டியாருக்கு உலகமே மறந்துபோனது. அடித்துணி அவுரி நீலம். கைநூல். இந்தப் பக்கம் ரயில் வருவதற்கு முன்னால் நெய்தது. அதன்மேல் அடுக்கடுக்காக ஒவ்வொரு மருமகளின் சேலை, ஒவ்வொரு மாமியாரின் தையல். அடித்துணி இற்றுப்போய்ப் பொடியாகிக்கொண்டிருந்தது. தையல்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு வரிசையை உருவினாலும் விபூதி மாதிரி கொட்டிவிடும். இப்படி ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை.

மேலே மூடியிருந்த, சாயம் போடாத முரட்டுக் காடாத் துணியின் மூலையில் நாலு தையலைப் பிரித்து, விரலை விட்டுத் தூக்கினார். அரக்கு தெரிந்தது. அரக்கின்மேல் ஓரம் மஞ்சளித்த வட்டமாக ஒரு கறை.

அதே சமயம் குழந்தையம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "செட்டியாரே, உள்ளதச் சொல்லிப்போடுங்க. அந்தச் சீலை அதுல இருந்துச்சுன்னா துணியும் வேண்டாம், போர்வையும் வேண்டாம். இப்பவே குப்பைமேட்டுல போட்டுத் தீ வெக்கச் சொல்லிப்போடறேன். புள்ளைத்தாச்சி இருக்கற ஊட்டுல அதை வெச்சிருக்க முடியாது. ஒருத்தி எடுத்துட்டுப் போயி மடியில வெச்சு அழுதுட்டிருக்கறதும் நல்லதில்லே."

செட்டியார் மூலையை மூடினார். ஊசியை எடுத்து, பிரித்த நாலு தையலையும் திரும்பப் போட்டார்.

"இல்லீங்கம்மா. காடாவுக்குக் கீழ மஞ்சக் கண்டாங்கிதான் இருக்குது. பழைய ஆளுக சீலை. அரக்கு எதும் இல்லீங்க."

பொய்தான். ஆனாலும் இதுவரைக்கும் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அரை நாழிகையில் எல்லாம் சாம்பல். எனக்கு ஆறாதது வேறு. அவர் இடுப்பில் கத்திரிக்கோல் இருந்தது. குழந்தையம்மாள் உள்ளே போனாள், கவுண்டர் வெற்றிலை எடுக்கப் போனார். கட்டிலருகே தடுக்க யாரும் இல்லை. ஒரு கை அகலம் வெட்டி மடியில் செருகிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? வெட்டவில்லை. வெட்டினால் போர்வையில் ஓட்டை விழுந்துவிடுமாம்! மனுஷருக்கு அன்றைக்குப் போர்வைதான் பிள்ளையாகத் தெரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நின்றவள் கண்ணில் படவில்லை.

தெய்வாத்தாள் அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து கழியில் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "செரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். கையில் இருந்தது ஒரு துணிமூட்டை மட்டும்.

போர்வையை எப்படி வைத்துக்கொள்வது என்று செட்டியார் குழந்தையம்மாளிடம் விலாவாரியாகச் சொன்னார். மடிக்கக்கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். வருஷம் ஒரு முறை தை மாத இளவெயில் காட்ட வேண்டும். உச்சி வெயில் ஆகாது. நனைக்கவே கூடாது. நொச்சி இலையை மாற்ற வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் "ஆகட்டுமுங்க" என்றாள். தேங்காயும் கருப்பட்டியும் கொடுத்து வண்டி வைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு பொக்கிசத்தைக் காப்பாத்திப்போட்டேன் பங்காரு" என்று பெருமையாக எல்லாவற்றையும் சொன்னாராம். பங்காரம்மா கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு என்ன குடுத்தீங்க?"

செட்டியார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பல்லடம் பக்கத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் உடம்பு சரியில்லை, கண் மங்கல் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். ஒவ்வொரு தை மாதமும் போய் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நினைப்பார். போனால் குழந்தையம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும், அந்தக் காடாத் துணியையும் பார்க்க வேண்டும். அடுத்த வருஷம் போகலாம் என்று விட்டுவிடுவார். இப்படியே சில வருஷங்கள் ஓடின.

கடைசியில் அவரைப் பல்லடத்துக்கு இழுத்தது ஒரு சாவு. தூரத்துச் சொந்தம், போகாமல் இருக்க முடியவில்லை. துக்கம் விசாரித்துவிட்டுக் குறுக்கு வழியாகத் திரும்பும்போது ஆறுச்சாமிக் கவுண்டரின் தோட்டம் வந்தது. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த கிணற்று மேட்டில் இப்போது தகரக் கூரை போட்டு ஒரு ஆயில் எஞ்சின் நின்றது. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே முதல் எஞ்சின் என்று கவுண்டருக்குப் பெருமை. பனி படாமல் அதன்மேல் எதையோ போர்த்தி வைத்திருந்தார்கள்.

செட்டியார் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போயிருந்தாலும் ஓரத் தையலை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் சின்னான் வந்தார். "ஏனுங்க, என்ன அப்பிடிப் பாக்கறீங்க? பழைய துணிங்க. கவுண்டரு பேரக்கொழந்தைக்கு மில்லுக் கம்பளியும் மெத்தையும் கோயமுத்தூர்ல இருந்து வந்திருச்சுங்களே. இது கனமா இருக்குதுன்னு அம்மா இங்க குடுத்துட்டாங்க. பாதியக் கிழிச்சு எண்ணெ தொடைச்சுப்போட்டமுங்க. வேணும்னா எடுத்துட்டுப் போங்க, நான் ஒரு சாக்கு கேட்டு வாங்கிக்கறேன்."

போர்வையைத் தூக்கியதும் அவுரி நீலம் பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. அன்றைக்கு எந்தத் தையலைப் பிரித்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தாரோ, அந்தத் தையல் எண்ணெயில் மக்கித் தானாகவே விட்டிருந்தது. காடாவும் அரக்கும் மட்டும் ஒட்டிக்கொண்டு அவர் கைக்கு வந்தன. காடாவை உரித்தார். நடுவில் கிழிந்திருந்தாலும் அரக்கில் பாதிக்குமேல் இருந்தது. அந்த மூலையும் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்தபோது எஞ்சின் எண்ணெய் நாற்றம் தெரு வரைக்கும் அடித்தது. "எப்படி இருக்குதோ அப்படியே கொண்டுபோயிக் குடுத்துப்போட்டு வாங்க. நாளைக்கே போங்க" என்றார் பங்காரம்மா. செட்டியார் கேட்கவில்லை. "இந்தக் கோலத்துலயா கொண்டுபோயி நீட்டறது? ஒரு தாய்கிட்டக் குடுக்கற துணி இது" என்றார். பூந்திக்கொட்டையை ஊற வைத்தார். சாம்பல் தண்ணீர் தெளிய வைத்தார். பிழியாமல், அடிக்காமல், இளஞ்சூட்டில் அமுக்கி அமுக்கி எடுத்தார். எண்ணெய் போகவில்லை. மறுபடியும் ஊற வைத்தார். குழாயடியில் சிறுவாணித் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து அலசினார். தன் வாழ்நாளில் எந்தத் துணிக்கும் அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை என்றார் பங்காரம்மா. கடைசியில் எண்ணெய் விட்டது. சாயவேர் அரக்கு, அசல் என்பதால் துளி மங்கவில்லை. நிழலில் உலர்த்தி, கிழிந்த ஓரத்தை மடித்துத் தைத்து, புதுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்னூர் பஸ் ஏறினார்.

தெய்வாத்தாள் அண்ணன் வீட்டு வாசலில் பருத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்து எழுந்தாள். "வாங்க செட்டியாரே, உக்காருங்க" என்று கட்டிலை இழுத்துப்போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அம்மணி, அன்னிக்கு அந்தத் துணி இருந்துதுங்க. நான் கண்ணால பாத்தேன். பாத்துப்போட்டுப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியுமுங்க" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க மூலையத் தூக்குனப்ப நான் உங்க பொறத்தாலதானுங்க நின்னுட்டிருந்தேன். அரக்கு தெரிஞ்சுது. கறையும் தெரிஞ்சுது."

"பின்ன ஏனம்மணி வாயத் தொறக்கலே?"

"தொறந்தா அக்கா தீ வெச்சிருப்பாங்க. நீங்க வெட்டிக் குடுப்பீங்கன்னு பாத்தேன், குடுக்கலே. அப்பறம் நீங்க அந்தப் போர்வையச் சுருட்டுன பதனத்தைப் பாத்தேனுங்க. பச்சப்புள்ளையத் தூக்கற மாதிரி சுருட்டுனீங்க. செரி, இத்தனை ஆசை வெச்ச மனுசன் உட்டுப்போட மாட்டாரு, வருசா வருசம் வந்து பாத்துக்குவாரு, என்ற கையில துண்டா இருக்கறதுக்குப் பதிலா இவரு பார்வையில முழுசா இருக்கட்டும்னு நெனச்சுத்தான் வண்டியேறுனேன். நல்லா இருக்குதுங்களா போர்வை?"

செட்டியார் மூட்டையை நீட்டினார். எஞ்சினைப் பற்றி எப்படிச் சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று பங்காரம்மாவுக்கே தெரியாது. எப்படியோ சொல்லியிருக்கிறார்.

தெய்வாத்தாள் கட்டை அவிழ்த்தாள். அரக்கைப் பார்த்ததும் அவள் முகம் எப்படியோ ஆனது. துணியை மடியில் விரித்து மூலையைத் தேடினாள். மற்ற மூலைகளையும் தேடினாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எழுந்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"கறை எங்கீங்க?"

அப்போதுதான் செட்டியாருக்கு உறைத்தது. அதுவரைக்கும் உறைக்கவே இல்லை! எண்ணெயை எடுக்க வேண்டும் என்று ஊற வைத்தாரே தவிர, அதோடு வேறு என்ன போகும் என்று, துணியே உயிராக இருந்த அந்த மனிதர் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

"எண்ணெ நாத்தம் அம்மணி... பூந்திக்கொட்டை போட்டு... ரொம்பத் தடவை..."

அவள் துணியை மூக்கருகே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மடித்தாள், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக.

"நல்லாத் தொவைச்சிருக்கீங்க, செட்டியாரே" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவர் பங்காரம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். "வெயில்ல வந்திருக்கீங்க. மோரு கொண்டாரேன், குடிச்சுப்போட்டுப் போங்க."

துணியைக் கட்டிலின்மேலேயே வைத்துவிட்டு அவள் மோர் எடுக்க உள்ளே போனாள்.